மூன்று தாய்மாரும் ஒரு துண்டும்

ஷார்ஜாவில் இறங்கிய முதல் நாளே தப்பான பஸ்ஸில் ஏறினேன். போக வேண்டியது முவைலா. இறங்கிய இடம் அல் குசைஸ். ஷார்ஜா முடிந்து துபாய் தொடங்கியதுகூடத் தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த பழம். நல்ல பழம்தான், குறை சொல்ல முடியாது.

நிறுத்தத்தில், கவரால் என்கிற நீல நிற வேலை உடுப்புப் போட்ட ஒருவர் என் பெட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். "அக்கா, நீங்க துபாய்க்கு வந்துட்டீங்க." மதுரையில் ஏறி வாடிப்பட்டியில் இறங்கிவிட்டவளிடம் சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "டூட்டியா, விசிட்டா?"

"சாமி வேலை," என்றேன். எரிச்சலில் வந்த பதில்.

"இங்க எந்தச் சாமிக்கா?"

"மாத்ரோனா. பிரான்சுல ஒரு ஆத்துக்குச் சாமி."

அவர் சற்று யோசித்தார். "மாதா மாதிரியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் வந்ததும், "யல்லாக்கா, இதுல ஏறுங்க," என்று பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார். பாதி வழியில்தான் உறைத்தது, அந்த மனிதர் சொன்னது தப்பே இல்லை. மாதா என்ற சொல் நமக்கு வடமொழி வழியாக வந்தது. மாத்ரோனாவில் இருக்கும் தாயும் அதே பழைய குடும்பத்தைச் சேர்ந்தவள். ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று வருந்தினேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புப் பலகை இருக்குமே, யாரும் முழுதாகப் படிக்காதது, அதை எழுதுகிறவள் நான். இருபது வருடமாகச் சென்னையில் இதுதான் பிழைப்பு. துபாயில் உலக நதிகளைப் பற்றி ஒரு கண்காட்சி திறக்கப்போகிறது. ஒவ்வொரு நதிக்கும் அதன் தெய்வத்தின் உருவம். அதில் பிரான்சின் மார்ன் நதி என் பங்குக்கு வந்தது. அந்தப் பெயரே மாத்ரோனா தேய்ந்து வந்ததுதான். ரோமானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த கெல்டிக் மக்கள் தங்கள் ஆற்றை அப்படி அழைத்தார்கள்.

சொல்லைப் பிரித்தால் முதல் பாதி தாய். பின்பாதியில் வருவது, கெல்டிக் தெய்வப் பெயர்கள் பலவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு விகுதி. பெருமையையும் தெய்வத் தன்மையையும் குறிக்கும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆக, மாத்ரோனா என்றால் பெருந்தாய். அவ்வளவுதான் பெயர். அவளையும் அவளைப் போன்ற தாய்த் தெய்வங்களையும் அந்த நாடுகளில் மூன்று மூன்று பேராகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் வரிசையாக உட்காரவைத்த நம் கன்னிமாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எண்ணிக்கையில் நான்கு குறைவு, அவ்வளவே.

அப்படியொரு பழைய கல் சிற்பத்தின் போட்டோவையும் சென்னையில் போட்ட வரைபடத்தையும் வைத்து, அந்த மூவரின் புடைப்புச் சிற்பத்தைச் செய்யும் பட்டறை ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்தது. வேலை செய்கிறவர்கள் எட்டுப் பேரும் தமிழர்கள். வரைபடத்தின்படி வேலை வந்திருக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பியதற்குக் காரணம் என் அறிவல்ல, என் தமிழ்.

முவைலாவில் ஜமீலா வீட்டில் தங்கல். கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி, கீழக்கரைப் பெண். கணவர் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் வழி தவறிய கதையைக் கேட்டு, "நீ காலேஜ்லயே லைப்ரரிக்குப் போறேன்னு கேண்டீனுக்குப் போனவதானேடி," என்றாள். அன்று நெய்ச்சோறும் தாளிச்சாவும். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதால் அவளுடைய கேலியை மன்னித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் கராஜ்கள், டயர் கடைகள், நிறம் போன கன்டெய்னர்கள். பட்டறைக்குள் ஒட்டகத்தின் தலை ஒன்றும் ஏதோ ஷாப்பிங் மாலுக்கான ஆளுயர ஐஸ்கிரீமும் நின்றன. அவற்றுக்கு நடுவே சுவரில் சாய்ந்தபடி மூன்று தாய்மார். ஃபைபரில் வார்த்து, பழைய கல்லின் நிறம் பூசியிருந்தார்கள். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். விரலில் கல்லின் குளிர்ச்சி மட்டும் தட்டியிருந்தால் கல் என்றே நம்பியிருப்பேன். பிரமாதமான வேலை.

பிறகு நடுவில் இருந்தவளின் மடியைப் பார்த்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது.

இடப்பக்கத்தில் இருந்தவளிடம் குழந்தை இருந்தது. வலப்பக்கத்தில் இருந்தவளிடம் நீர்ப் பாத்திரம் இருந்தது. நடுவில் இருப்பவளிடம் இருக்க வேண்டியது ஓலைச்சுருள். வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. குறிப்புப் பலகையில் நான் எழுதிய வாக்கியம் இது: "ஒருத்தியின் மடியில் குழந்தை, ஒருத்தியின் மடியில் நீர், நடுவில் இருப்பவளின் மடியில் விதி எழுதிய ஓலை." அந்த வாக்கியத்தை நான் நான்கு பேருக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டியிருக்கிறேன். பலகை அச்சாகியும் வந்துவிட்டது. இங்கே அவள் மடியில் கிடந்ததோ ஒரு துண்டு. குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்கிற துண்டு.

"யார் செஞ்சது இது?"

ஒல்லியான ஓர் ஆள் மணல்தாளைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். பெயர் முருகேசன், திருத்துறைப்பூண்டிப் பக்கம். முப்பது வயதிருக்கும். "நான்தாங்க்கா."

"வரைபடத்துல என்ன இருக்கு?"

"ஓலை இருக்குதுங்க. ஆனா போட்டோவுல துண்டுல்ல இருக்கு. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு ஒருத்தி, தண்ணிய வச்சுக்கிட்டு ஒருத்தி. நடுவுல இருக்கறவ எதுக்குங்க ஓலைய வச்சுக்கிட்டு ஒக்காரணும்? களிமண்ணுல ஓலையத்தான் மொதல்ல புடிச்சேன். மனசு ஒப்பல. மாத்திட்டேன்."

அவர் மனசு ஒப்பவில்லையாம். வியாழக்கிழமை கண்காட்சிக் குழுவிலிருந்து ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிக் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை எட்டுப் பேரும் பொறுமையாக நின்றார்கள். அதுவே எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது.

மேனேஜர் சஜி திருச்சூர்க்காரர். என்னைத் தனியே அழைத்துப்போய் ஒரு காகிதத்தைக் காட்டினார். முருகேசனின் லீவ் விண்ணப்பம். வெள்ளிக்கிழமை காலை திருச்சி விமானம். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஐந்து மாதக் குழந்தைக்குக் காதுகுத்து. மனைவி மூன்று மாதமாக இருக்கும்போது கிளம்பி வந்தவர், மகளை இன்னும் கையில் தூக்கியதில்லை. "வியாழாழ்ச்ச பாஸ் ஆயா, ஞான் சைன் பண்ணும் சேச்சி. ஃபெயில் ஆயா மடி முழுசா மறுபடி வார்க்கணும், ஒரு வாரம் வேலை. அப்புறம் லீவ் மாஃபி, இல்லவே இல்லை," என்றார். கெட்ட மனிதரில்லை. அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஓலைச்சுருளைத் தனியாகச் செய்து ஒட்டிவிடலாமே? இரண்டு நாள் போதும். கிட்டப் பார்த்தால் ஒட்டு தெரியும், ஆனாலும் வரைபடத்தின்படி இருக்கும். முருகேசனிடம் சொன்னேன்.

"ஒட்டிரலாம்க்கா. பொய்யா இருக்கும்."

"ஊருக்குப் போக வேணாமா?"

 பக்கத்தில் இருந்த மூத்த தொழிலாளி சின்னையா இடையில் புகுந்தார். "டேய், ஓலையோ பாயோ, கேக்கறத ஒட்டி விட்டுட்டு ஊர் போய்ச் சேருடா. புள்ள காது உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" முருகேசன் மறுபடியும் மணல்தாளை எடுத்துக்கொண்டார். நாளைக்குச் செய்கிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். அன்று திரும்பும்போது டாக்ஸி பழுதாகி, வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றேன். பெஷாவர்க்கார டிரைவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, இஞ்சின் சூட்டை விட என் முகத்துச் சூடு அதிகமாக இருப்பதாக உருதுவில் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது.

புதன்கிழமை ஒன்பதரை மணி, டீ நேரம். பரோட்டாவைச் சுருட்டி, கரக் என்கிற கெட்டிப் பால் டீயில் தொட்டுத் தின்பது அங்கே வழக்கம். முதல் இரண்டு நாளும் முகம் சுளித்துவிட்டு, சஜியின் அறையில் தனியாக டீ குடித்தேன். மூன்றாம் நாள் எனக்கும் ஒன்று வந்துவிட்டது. அப்போது முருகேசனின் போன் அடித்தது. ஃபைபர் வார்க்கும் ரெசின் டின்னின் மேல் போனைச் சாய்த்துவைத்தார். எல்லாரும் தங்கள் வாளிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். தினமும் நடப்பது போலிருக்கிறது, யாரும் யாரையும் அழைக்கவில்லை.

ஊரில் மணி பதினொன்று. அவர் மகளைக் குளிப்பாட்டும் நேரம். மனைவி, இவர் டீ குடிக்கும் நேரத்துக்குத் தோதாகக் குளியலை மாற்றி வைத்திருக்கிறாள். முருகேசனின் அக்கா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள். இருவருக்கும் நடுவில், மடியில் துண்டை விரித்துக்கொண்டு, எப்போது கொடுப்பார்கள் என்று பார்த்தபடி முருகேசனின் மனைவி.

நான் பரோட்டாவைக் கீழே வைத்தேன்.

"மூக்கை நல்லா புடிச்சு விடச் சொல்லுடா," என்றார் சின்னையா போனைப் பார்த்து. "சளி கட்டிக்கும்." எட்டு ஆண்கள், உடம்பெல்லாம் ஃபைபர் தூசி, ஒரு குழந்தையின் குளியலை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை துண்டுக்குள் போனதும் எல்லாரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அன்று மாலை ஜமீலாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூலச் சிற்பத்தின் புகைப்படத்தைக் கணினியில் பெரிதாக்கினேன். ஒரு விஷயத்தை இப்போது ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் படித்த நூலின் அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தது. நடுவில் இருப்பவள் மடியில் உள்ளது ஓலைச்சுருள் அல்ல, குழந்தையைச் சுற்றும் துணி என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அதை நான் படித்தேன். துணி என்று எழுதினால் வாக்கியம் சப்பென்று இருந்தது. விதி என்று எழுதினால் கனமாக இருந்தது. அதனால் ஓலையை வைத்துக்கொண்டேன். என் குறிப்பைப் பார்த்துத்தான் சென்னையில் வரைபடம் போட்டார்கள்.

என் வாக்கியத்துக்காக ஓர் ஆள் தன் மகளைப் பார்க்காமல் இருக்கப் போகிறார். வெட்கமாக இருந்தது. ஜமீலாவிடம் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு வாயைத் திறந்து இதைச் சொல்லு," என்றாள். "இப்ப சாப்பிடு." இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். அன்று இரண்டாம் முறை கேட்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். முருகேசனுக்கு மட்டும் போன் போட்டு, சிற்பத்தின் மடியில் கை வைக்க வேண்டாம் என்றேன்.

"இன்னும் வைக்கலங்க்கா," என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

வியாழக்கிழமை. குழுவின் ஆலோசகர் கேரிஸ் எட்டரைக்கு வருவதாக ஏற்பாடு. துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் நடுவில் நிற்கும் கார்களுக்கு எந்த ஏற்பாடும் தெரியாது. பத்தரைக்குத்தான் வந்தார். அறுபது வயது, வேல்ஸ் நாட்டுப் பெண்மணி, ரப்பர் செருப்பு, வியர்வையில் ஒட்டிய முடி. சஜி கொடுத்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சிற்பத்தின் முன் நின்றார். முகம் மலர்ந்தது.

"எங்கள் ஊரில் இவளுக்கு மோத்ரோன் என்று பெயர்," என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல எல்லாரும் கேட்டார்கள். "மாத்ரோனாதான் எங்கள் மொழியில் அப்படி ஆனது. இவளுக்கு ஒரு மகன், மாபோன். அதற்கு அர்த்தம் மகன். பிறந்து மூன்றே நாளில் அவனை இவளிடமிருந்து யாரோ கொண்டுபோய்விட்டார்கள்."

"அம்மாவுக்குப் பேரு அம்மா, புள்ளைக்குப் பேரு புள்ளையா?" என்றார் சின்னையா. "எங்க பெரியாச்சியும் அப்படித்தாம்மா. பெரிய ஆச்சி, பேரே அவ்வளவுதான். பச்சப் புள்ளைங்களுக்குக் காவல்." மொழிபெயர்த்தேன். கேரிஸ் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

முருகேசன் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பையன் கெடைச்சானாங்க்கா?"

"கிடைத்தான்," என்றார் கேரிஸ். "வெகு காலம் கழித்து."

அதன் பிறகு வரைபடத்தை விரித்தார். சிற்பத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். "இந்த மடியில் இருப்பது என்ன? நாம் ஒப்புக்கொண்டது இது இல்லையே?"

சஜியின் கை சட்டைப் பைக்குப் போனது.  நான் அடிக்குறிப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தவறு வரைபடத்தில், அது என் தவறு, இவர் செய்தது சரி. இருபது வருடத் தொழிலில் இப்படி நான் சொன்னது இதுவே முதல் தடவை.

கேரிஸ் உடனே இளகவில்லை. "துணி என்று சிலர் சொல்வது எனக்குத் தெரியும். சுருட்டிய பொருளாகத் தெரிகிறதே, துணியை யார் இப்படிப் பிடிப்பார்கள்?"

இதை முருகேசனிடம் சொன்னதும் அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். மூன்று பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்து வரிசையாகப் போட்டார். ஒன்றில் சின்னையாவை உட்காரவைத்து ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தார், அது குழந்தை. இன்னொருவர் கையில் ரெசின் கலக்கும் பேசின். நடுவில் தான் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு பக்கம் சுருட்டிப் பிடித்து, மறுபக்கத்தை மடியில் விரித்தார். "முழுசா விரிச்சா ஓரம் தரையில பட்டு அழுக்காயிருங்க. அதான் பாதி சுருட்டி வச்சுக்கறது. புள்ளை வந்ததும் உதறி விட்டுச் சுத்திக்கலாம்."

துண்டின் ஓரம் அவர் இடது முழங்காலில் மடங்கித் தொங்கியது.

கேரிஸ் தன் போனில் மூலச் சிற்பத்தின் படத்தைப் பெரிதாக்கினார். தேய்ந்த கல்லில், நடுவில் இருந்தவளின் இடது முழங்காலில், அதே இடத்தில் ஓரம் மடங்கித் தொங்கியது. ஓலைச்சுருள் எங்கேயும் அப்படித் தொங்காது. அவர் போனையும் முருகேசனின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இத்தனை வருடம் இந்தப் படத்தைப் பேராசிரியர்களிடம் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தோம்," என்றார். "துண்டு இருக்கட்டும். பலகையை எழுதியது யார்?"

நான் கையைத் தூக்கினேன்.

"மாற்றி எழுதுங்கள்."

சஜி காகிதத்தை எடுத்து, அந்த ஆளுயர ஐஸ்கிரீம் உருவத்தின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "கலாஸ், முடிஞ்சு," என்று முருகேசனிடம் நீட்டினார். பட்டறை முழுவதும் ஒரே சத்தம். முருகேசன் அந்தக் காகிதத்தை வாங்கி, மடித்து, துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் வாக்கியம் செத்துப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் பறந்துவிட்டார். சனிக்கிழமை காலை புதுப் பலகையோடு நான் பட்டறைக்குப் போனேன். வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: "ஒருத்தி குழந்தையை ஏந்தியிருக்கிறாள், ஒருத்தி தண்ணீரை. நடுவில் இருப்பவள் துண்டோடு காத்திருக்கிறாள்." கனம் ஒன்றும் இல்லை. யாருக்கும் தொலைபேசியில் படித்துக்காட்டவில்லை.

ஒன்பதரைக்கு இந்த முறை சின்னையாவின் போன் அடித்தது. ரெசின் டின்னில் சாய்த்துவைத்தார். எனக்கும் ஒரு வாளி போட்டார்கள். அதே முற்றம், அதே அக்கா, அதே செம்பு. முருகேசனின் மனைவி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள் போல, திரையில் அவளைக் காணோம். நடுவில், மடியில் துண்டோடு முருகேசன்.

"டேய், பாதி சுருட்டிக்கடா," என்றார் சின்னையா. "அந்த வெள்ளக்காரம்மா பாத்தா ஃபெயில் பண்ணிரும்."

அக்கா குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். அவர் உதறி விரிக்க வேண்டிய துண்டை அவசரத்தில் தரையில் போட்டுவிட்டார். ஈரக் குழந்தையை வெறுங்கையோடு சட்டையில் அணைத்துக்கொண்டார். அங்கே பெண்கள் திட்டுவது கேட்டது. இங்கே ஏழு பேரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தோம்.